பக்கத்து வீட்டு மிக்ஸி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் தெளிக்க வெளியே வரும்போதே கஸ்தூரிக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். அன்றைக்குத்தான் அவர்கள் வருவார்கள். அம்பத்தூரிலிருந்து, திருவேற்காட்டிலிருந்து, எங்கோ செங்கல்பட்டிலிருந்துகூட வருவார்கள். பைக்கைக் கஸ்தூரி வீட்டு கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, 'அரை டஜன் மாமியார்' சீரியல் எடுக்கிற வீடு இதுதானே?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்பார்கள்.

"பக்கத்து ஊடு" என்பாள் கஸ்தூரி.

அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே கசந்துபோயிருந்தது. கேட்டவர்கள் அதற்குமேல் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் ஓடுவார்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நாள், தன் வீட்டைத் தேடி வந்து நிற்கக் கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

பக்கத்து வீடு வேறு யாருடையதுமல்ல, அவளுடைய ஓரகத்தி சாவித்திரியுடையது. அண்ணன் ஏகாம்பரமும் தம்பி ரவிச்சந்திரனும் சேக்காட்டில் அப்பா விட்டுப்போன மனையைப் பிரித்து, நடுவில் ஒரு மதிலை எழுப்பி, ஒரே மேஸ்திரியை வைத்து இரண்டு வீடு கட்டினார்கள். அதே கிரில், அதே சன்ஷேடு, அதே பச்சை மொசைக். அண்ணன் மனைவி சாவித்திரி, தம்பி மனைவி கஸ்தூரி. வித்தியாசம் என்று பார்த்தால், சாவித்திரி வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. சீரியல் எடுக்க இடம் தேடி வந்தவர்கள் இரண்டு வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மரம் இருக்கிற வீடே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மரத்தை நட்டது யார்? கஸ்தூரி. கல்யாணமாகி வந்த புதிதில், மதில் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், அவள் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. சுவர் வந்தது, மரம் அந்தப் பக்கம் போயிற்று. இப்போது அந்த மரத்தடியில் நின்றுதான் ஊரே செல்ஃபி எடுத்துக்கொள்கிறது. வயிறு எரியாமல் வேறு என்ன செய்யும், சொல்லுங்கள்.

ஷூட்டிங் வார நாட்களில் நடக்கும். அந்தச் சீரியலுக்கு டப்பிங் கிடையாதாம். நடிகர்கள் பேசுவதை அங்கேயே அப்படியே பதிவு செய்துகொள்வார்களாம். இதைச் சாவித்திரியே மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பெருமையாகச் சொன்னாள். சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் "ஆக்‌ஷன்" என்று குரல் கேட்டதும், இந்தப் பக்கம் சமையலறையில் மிக்ஸி ஓடியது.

கஸ்தூரியின் மிக்ஸி லேசுப்பட்டது அல்ல. அவள் கல்யாணச் சீரோடு வந்தது. போட்டதும் ஒருமுறை இருமும், விக்கும், அப்புறம் லோடு ஏற்றிய லாரி மேடேறுவதுபோலக் கத்தும். முதல் நாள் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். அடுத்த நாள் மிளகாய்ப் பொடி. வீட்டில் அரைக்க ஒன்றுமே மிச்சமில்லை என்றானபோது வெறும் ஜாரை வைத்து ஓட்டினாள். காதில் பெரிய ஹெட்போனோடு, சவுண்டு பார்க்கும் கிஷோர் அவள் வீட்டுக்கே வந்து கெஞ்சினார்.

"அக்கா, ஷாட் போயிட்டிருக்கு. கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா?"

"ஏன், எங்க ஊட்ல சட்னி அரைக்கக் கூடாதா? உங்க டைரக்டர் வந்து அம்மில அரைச்சுக் குடுப்பாரா?"

போனவர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு அவள் எவ்வளவு ஓட்டினாலும் யாரும் வந்து கேட்கவில்லை. அதைத் தன்னுடைய வெற்றி என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

சீரியலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்ப்பதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியமே செய்திருந்தாள். அது வரும் நேரத்துக்கு டிவியில் பக்திப் பாட்டு ஓடும். ரவிச்சந்திரன் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வருவார். வந்து அவளை ஒரு மாதிரி பார்ப்பார், என்ன என்றால் ஒன்றுமில்லை என்பார். கொஞ்ச நாளாகக் காய்கறி வண்டிக்கார அப்பாவுகூட, "இன்னாம்மா, சட்னி ஆச்சா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார். அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்து, "ஆச்சு நைனா" என்று இவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பூந்தமல்லியிலிருந்து வந்த அஷ்ரஃபுன்னிசா முதலில் இறங்கினார். பருத்த உடம்பு, இறங்கியதற்கே மூச்சு வாங்கியது, ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே மகள் ரூஹி. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி கையை நீட்டிவிட்டாள்.

"பக்கத்து ஊடு."

"அது தெரியுதும்மா, வேப்பமரம்தான் நிக்குதே. அத பாக்க நான் வரல" என்றார் அஷ்ரஃபுன்னிசா. "மிக்ஸி மாலா ஊடு எது?"

"மாலாவா? அப்படி யாரும் இங்க இல்லியே."

ரூஹிக்கு ஆச்சரியம். "ஆன்ட்டி, இங்கயே இருந்துட்டு நீங்க சீரியல் பாக்கறதில்லையா? கோபாலு அவனோட ஆறு மாமியாருங்ககிட்டயும் உண்மையச் சொல்லலாம்னு வாயத் திறப்பான். உடனே பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடும். நிப்பான், நிப்பான், கடைசில 'சரி, அப்புறம் சொல்றேன்'னு போயிடுவான். தினமும் இதே கதைதான். அந்தப் பக்கத்து வீட்டு மாலாவ மட்டும் காட்டவே மாட்டாங்க. இவங்க நல்லா இருந்தா அவளுக்குப் பொறுக்காது. எங்கம்மாவுக்குக் கோபாலுவவிட அவளத்தான் பிடிக்கும்."

ரூஹி போனில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினாள். கோபாலு வாயைத் திறந்தான். ஒரு இருமல். ஒரு விக்கல். அப்புறம் லாரி மேடேறியது.

பெற்ற பிள்ளையின் அழுகையைப்போல அந்தச் சத்தத்தைக் கஸ்தூரி அடையாளம் கண்டுகொண்டாள். அவமானத்தில் இரண்டு காதும் சுட்டன. மாடியில் புருஷன் சிரித்தது, அப்பாவு வாயைப் பொத்தியது, எல்லாம் இப்போது புரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியாதம்மா என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாவித்திரியின் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல புடவை கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றாள்.

"அது எங்க ஊட்டு மிக்ஸிதாம்மா. இப்படி வாங்க, காட்டறேன்."

அஷ்ரஃபுன்னிசா அந்தப் பக்கம் திரும்பினார்.

கஸ்தூரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மரம் போயிற்று. சீரியல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் தன்னுடைய வயிற்றெரிச்சலையுமா அந்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது?

"நில்லுங்க!" என்று கத்தினாள். "அது என் மிக்ஸி. நான்தான் ஓட்டினேன். சட்னியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வேணும்னேதான் ஓட்டினேன். இவங்க ஊட்ல ஷூட்டிங் நடக்கறது எனக்குப் பொறுக்கல. வயிறு எரிஞ்சுது, ஓட்டினேன். வெறும் ஜார வெச்சுகூட ஓட்டினேன்!"

மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் அப்படியே திரும்பினார்கள். மொட்டைமாடியில் நின்றிருந்த ரவிச்சந்திரன் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்து மறைந்துகொண்டார்.

அஷ்ரஃபுன்னிசா கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அல்லாவே! நெசமா நீதானா? எனக்கும் ஒரு ஓரகத்தி கீறாம்மா. மாடி மேல மாடியா கட்டிகினே போறா. இத்தன வருஷம் பல்லக் கடிச்சுகினு கெடந்தேனே, மிக்ஸியப் போடலாம்னு எனக்குத் தோணாமப் போச்சே! ஒரு தபா ஓட்டிக் காட்டு, நான் கேக்கணும்."

கஸ்தூரி உள்ளே போய், மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, வாசல்படியில் வைத்துத் திருகினாள். அது இருமியது, விக்கியது, கத்தியது. கூட்டம் கைதட்டியது. மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் கேட்டுக்குள் வந்துவிட்டார்கள். "மாலா அக்கா, இப்படிப் பாருங்க" என்று ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். அஷ்ரஃபுன்னிசா அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். மரத்தடியில் சாவித்திரி மட்டும் தனியாக நின்றாள். எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று கஸ்தூரி நினைத்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஆட்டோவும் பைக்குகளும் போய்த் தெரு காலியானது. சாவித்திரி மதிலருகே வந்தாள். முகத்தில் எரிச்சலைக் காணோம். அதுவே கஸ்தூரிக்குப் பிடிக்கவில்லை.

"ஏண்டி அவசரப்பட்ட?"

"இன்னாக்கா, உன் பேரத் தட்டிகினு போயிட்டேன்னு கோவமா?"

"அதில்லடி. யாரு கேட்டாலும் எங்க ஊட்டு மிக்ஸின்னே சொல்லுப்பான்னு அந்தக் கிஷோர்கிட்ட அப்பவே சொல்லி வெச்சேன். இங்க வந்து கேக்கறவங்ககிட்டயும் இத்தினி மாசமா நான் அதான் சொல்லிகினு கீறேன். நாலு பேரு உன்னப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னு. நீயே நடுத்தெருவுல நின்னு சொல்லிட்ட."

கஸ்தூரிக்குக் கண் கரித்தது. அழுகையாக இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தாள். இல்லை, பழைய எரிச்சல்தான். நல்லவள் என்ற பெயரும் அவளுக்கே போய்விட்டது. அதையாவது இவளுக்கு விட்டுவைத்திருக்கலாம்.

"அப்புறம் இன்னொன்னு" என்றாள் சாவித்திரி, மெதுவாக. "இந்த வேப்பமரம் கீதே, வர்றவங்ககிட்ட எல்லாம் நான்..."

அதற்குமேல் வருவதும் ஒரு நல்ல காரியமாகத்தான் இருக்கும் என்று கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு நல்லதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை. மிக்ஸி இன்னும் வாசல்படியில்தான் இருந்தது. குனிந்து சுவிட்சைத் திருகினாள்.

சாவித்திரியின் வாய் அசைந்தது, நின்றது. மதிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெறும் ஜார் கத்திக்கொண்டே இருந்தது. கஸ்தூரி நிறுத்துவதாக இல்லை. சாவித்திரி இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு, சத்தத்தில் ஒன்றும் கேட்காவிட்டாலும், "சரி, அப்புறம் சொல்றேன்" என்று அவள் உதடு அசைந்ததைக் கஸ்தூரி பார்த்தாள்.