தலைக்கு மேல் ஒரு சாய்கோடு

அச்சகக்காரரின் தங்கை தலைக்கு மேல், ஒரு சாண் உயரத்தில், கறுப்பாக ஒரு சாய்கோடு பல வருடங்களாக நிற்கிறது. விரல் தடிமன், முழ நீளம், சிமெண்டு மூட்டையின் கனம். தலையில் ஒட்டுவதுமில்லை, விட்டு விலகுவதுமில்லை. அவள் பல் தேய்க்கக் குனிந்தால் அதுவும் கூடவே குனியும். தெருவில் இப்போது யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. ஏற்றிவைத்தது சொந்த அண்ணனும் அண்ணியும்தான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த பழைய செய்தி.

அவளுக்கு வீட்டில் பெயர் சின்னவள். கோடு ஏறியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மாடியில் வீடு, கீழே அச்சகம். சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் அவள் பாடு. அச்சகத்துக் கம்ப்யூட்டரை மட்டும் தொடக்கூடாது. "அவ டைப்பிங் பழகிட்டு வேலைக்குக் கிளம்பிட்டா, வீட்டு வேலையெல்லாம் யார் பாக்கிறது?" என்று அண்ணி ஒளிவுமறைவில்லாமல் கேட்பாள். சின்னவள் பிஸ்கட் டப்பா மூடியில் பேனாவால் கட்டம் போட்டு, எழுத்துகளை வரைந்து, பால் காயும் நேரத்தில் அதைத் தட்டித் தட்டிப் பழகினாள்.

அந்த நாளில்தான் பெரிய விடுதியின் மேனேஜர் வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் பெயர் அட்டை அடிக்க வந்தார். அவர்கள் பெயர்களில் சில எழுத்துகளுக்கு மேல் சாய்கோடுகள் உண்டு. கோடில்லாமல் அடித்தால் அட்டையைத் தூக்கி மூஞ்சியில் எறிகிறார்களாம். அண்ணன் போனில் வீடியோ பார்த்து, செட்டிங்ஸில் நுழைந்து, மொழிப் பட்டியலில் இன்னொரு கீபோர்டைச் சேர்த்தார். கோட்டு விசையைத் தட்டினால் உடனே ஒன்றும் வராது. திரை மூலையில் மினுங்கிக்கொண்டு காத்திருக்கும். அடுத்து எந்த எழுத்தைத் தட்டுகிறோமோ அதன் தலையில் போய் உட்காரும். இந்த அச்சகத்தில் மட்டும், தட்டியவர் நடுவில் எழுந்துவிட்டால், அடுத்து எழுத்தைத் தட்டுகிற ஆளின் தலையில் உட்காரும். அண்ணன் விசையைத் தட்டிவிட்டு, "என்ன இழவு, வேலை செய்யலையே" என்று வயரைப் பார்க்க எழுந்தார். அவசரக்கார மேனேஜர், "நகருங்க சார்" என்று குனிந்து ஒரு எழுத்தைத் தட்டினார். தொப்பென்று அவர் தலைக்கு மேல் கோடு இறங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் கழுத்து தோளுக்குள் போய்விட்டது, வேலையும் போய்விட்டது. விடுதி வேறு மேனேஜரை வைத்துக்கொண்டு அட்டைகளைத் தொடர்ந்து வாங்கியது.

பிறகு ஒருநாள் அண்ணி பெயரொன்றின் நடுவில் கோட்டு விசையைத் தட்டினாள். போன் அடித்தது, எழுந்துவிட்டாள். திரும்பி உட்கார வந்தவள், ஞாபகம் வந்து நாற்காலியைத் தொடாமலே பின்வாங்கினாள். மின்சாரத்தை அணைத்துப் பார்த்தார்கள், கீபோர்டையே மாற்றிப் பார்த்தார்கள். மூலையில் கோடு மினுங்கியபடியே இருந்தது. வேலை முடங்கியது.

"வெளி ஆளுன்னா கேஸு, போலீஸுன்னு அலையணும்," என்றாள் அண்ணி. "வீட்டு ஆளுன்னா நம்ம கூடவே கிடக்கும்."

"பாவம்ல அவ?" என்றார் அண்ணன்.

"பாவம்தான். அப்ப நீங்க தட்டுறீங்களா?"

அண்ணன் டிவியைப் போட்டுக்கொண்டார்.

சின்னவளோ துறைமுக அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு யாருக்கும் தெரியாமல் எழுதிப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேலையோடு தங்க அறையும் உண்டு. அதற்கு ஒரு ஜன்னல் இருக்கும் என்று தானாகவே முடிவு செய்து, என்ன நிறத்தில் திரை போடுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி, "வா கண்ணு, உனக்கு டைப்பிங் சொல்லித் தரேன்" என்று கூப்பிட்டாள். சின்னவளுக்கு நம்பவே முடியவில்லை. கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். இத்தனை நாள் அண்ணியைக் கரித்துக் கொட்டினோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"தப்பா எதையாவது தட்டிட்டா, அண்ணி?"

"ஒரு எழுத்து, அவ்வளவுதான். ரொம்ப ஈஸி."

தன் பெயரின் முதலெழுத்தைத் தட்டினாள். அது திரையில் அழகாக விழுந்தது. அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கழுத்தில் பாரம் இறங்கிவிட்டது.

அப்படியும் மறுநாள் போனாள். பஸ்ஸில் லக்கேஜுக்குத் தனி டிக்கெட் போட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர், "மேல இருக்கிறதைக் கழட்டி வெளிய வச்சிட்டு வாங்கம்மா" என்றார். "கழட்ட வராது சார்" என்றாள். "அப்ப அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார். வீடு திரும்பியவளிடம் யாரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அண்ணி ஈரத் துண்டொன்றைக் கொண்டுவந்து, கைக்கு எட்டும் உயரம்தானே என்று அந்தக் கோட்டின் மேலேயே காயப்போட்டாள். சின்னவள் அன்று அழுத அழுகை கீழே அச்சகம் வரை கேட்டது.

கோட்டு விசையைத் தொட அதன் பிறகு யாருக்கும் துணிச்சலில்லை. சின்னவளையே தட்டவைத்துப் பார்த்து, ஏற்கெனவே ஒன்று இருக்கும் தலையில் இன்னொன்று நிற்காது என்று கண்டுபிடித்ததும், அவளையே நிரந்தரமாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து தட்டும்போது கோடு ஒழுங்காக எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது. நடுவில் தட்டிவிட்டு அவள் எழுந்தால் வேறு யாரும் கீபோர்டைத் தொட முடியாது என்பது அவளுக்குப் பிடிபட அதிக நாளாகவில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஏதாவதொரு பெயரின் நடுவில் விசையைத் தட்டிவிட்டு எழுந்துகொள்கிறாள். சமையல் இப்போது அண்ணியுடையது. அண்ணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மூட்டுவலியோடு மாடியிலிருந்து டீ கொண்டுவந்து கொடுக்கிறாள். சின்னவள் அதை நன்றாக ஆறவிட்டு, காலி நாற்காலியைக் காட்டுகிறாள்.

"உக்காருங்க அண்ணி. ஒரு எழுத்து, அவ்வளவுதான். ரொம்ப ஈஸி."

அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டுகிறார்கள். சின்னவள் டீயைக் குடித்து முடிக்கும்வரை இங்கே எதுவும் நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.