மணிக்கட்டுப் பிடி

மேசை விசிறியைத் தூக்கிவந்து உடலின் தலைமாட்டில் வைத்துவிட்டு, அதன் வயரை மாட்டக் குனிந்த தம்பியின் சட்டையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை, அதிலும் இரண்டு கைப் பொத்தானும் போட்டிருந்தான். அவள் தைத்துக் கொடுத்ததுதான். போட்ட நாளிலிருந்து முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டே திரிகிறவன். இவனுக்குப் போய் கைப்பட்டைக்கு இவ்வளவு மெனக்கெட்டேனே என்று அவள் பலமுறை திட்டியிருக்கிறாள்.

விசிறி சுழன்றதும் வெள்ளைத் துணியின் ஓரம் படபடத்தது. நாத்தனார் அதை எட்டி இழுத்துச் செருகினாள்.

நேற்று இதே நேரத்தில் அவள் கணவரும் தம்பியும் தூண்டிலும் பையுமாக வாசலில் நின்று, யார் செருப்பை யார் மாட்டியிருக்கிறார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரரான கணவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் ஆறு எடுத்துக்கொள்ளும். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "அதுக்கு மீன்கடை வாசல்லயே போய் உக்காரலாமே" என்பார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க வேண்டும், காலைத் தூக்காமல் மணலோடு இழுத்து இழுத்து ஓட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும். கெண்டை எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடிதான் நிற்கும், பின்னாலிருந்து வருகிறவன் அதற்குத் தெரியமாட்டான். இதெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம்.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இழுக்கும் இடத்தை மட்டும் ஒற்றை ஆளாகத் தாண்ட முடியாது. கனத்த ஆள் மேல்புறம் நின்று ஓட்டத்தை முறித்தால், மெலிந்தவன் அந்த மறைவில் நடக்கலாம். அவர் அரிசி மூட்டை, தம்பி ஊதினால் பறப்பான். நல்ல ஜோடிதான் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

அப்போது கையைக் கோர்த்துக்கொள்ளக் கூடாது. ஈரத்தில் வழுக்கும். ஆளுக்கு ஆள் மணிக்கட்டைப் பற்ற வேண்டும். அவர் கை தம்பியின் மணிக்கட்டில், தம்பியின் கை அவருடையதில். ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி இருக்கும். இந்தக் கூடத்திலேயே ஒத்திகை பார்த்து, பிரித்துக் காட்டு பார்ப்போம் என்று அவளைச் சவாலுக்கு இழுத்தார்கள். அவள் நடுவில் புகுந்து இரண்டு கையாலும் இழுத்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம். சிரிப்பு அடங்கியதும் அவர் ஒரு விதி சொன்னார். ஒருவருக்குக் கால் வழுக்கிப் போய்விட்டால் இரண்டு பேருமே கையை விட்டுவிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு சாவு விழக் கூடாது.

நேற்று கால் போனது அவருக்கு.

வழுக்கியதுமே அத்தான் கையை விட்டுவிட்டார் என்று தம்பி ஆஸ்பத்திரியில் சொன்னான், போலீஸ்காரரிடம் சொன்னான், காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நாத்தனார் மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உன் தம்பி முகமே சரியில்ல. என் தம்பியத் தூக்கும்போது அவன் கை படக் கூடாது. அதுக்கப்புறமும் அவன் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. இல்ல, அவன் சொல்றது நெஜந்தான்னு நீ சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கறேன்."

"இருங்க அண்ணி," என்று அவள் எழுந்தாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான்.

தண்ணீர் பிடித்துக் கொடு என்று அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அவர் விட்டுட்டாரு. சரி. உன் பிடி என்னாச்சு?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை இறுக்கி மூடினான்.

"நான்தான் விட்டேங்க்கா. அத்தான் விடல."

"அப்புறம்?"

"உதறுனேன்."

வலது கைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து புறங்கை வரை கீறல்கள், நகங்கள் இழுபட்டுக்கொண்டே வந்த தடம். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை என்று வாரம் தவறாமல் நகம் வெட்டுகிறவர் அவர். ஆற்றுக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்த வாரம் தள்ளிப்போட்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் பிடிச்சிருந்தாரா?"

"ஆமாக்கா."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தம்பியின் கை என்றே தோன்றவில்லை. அவர் கடைசியாகத் தொட்ட இடம் என்றுதான் தோன்றியது.

"பொத்தானைப் போடு," என்றாள்.

கூடத்தில் நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெஜந்தான் அண்ணி. அவராதான் விட்டிருக்காரு. வழுக்கினா விட்டுடணும்னு சொல்லி வச்சதே அவர்தான். அவனும் தூக்கட்டும்."

காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த நாத்தனார் அப்போதுதான் உடைந்தாள். தன்னைப் பற்றி ஒருநாளும் நினைக்கத் தெரியாத பிள்ளை தன் தம்பி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். சிலர் அதைக் கேட்டு, நாத்தனாரோடு பக்கத்தில் இருந்த அவளையும் கட்டிக்கொண்டார்கள். அவள் தலையாட்டினாள்.

வண்டி வந்தது. தம்பி கால்மாட்டில் பிடித்தான்.

எல்லாம் முடிந்து அவரவர் வீட்டுக்குப் போன பிறகு நாற்காலிக்காரர் வந்தார். வாடகைக்குக் கொடுத்திருந்த நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வாசலுக்கும் தன் வண்டிக்குமாக நடந்தார். ஒன்று குறைகிறதே என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சமையலறை வாசலில் அதில்தான் தம்பி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆளைப் பார்த்ததும் தட்டோடு எழுந்தான்.

"நீ சாப்பிடு," என்றாள் அவள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அது இருக்கட்டுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்குங்க," என்றாள்.

நாற்காலிக்காரர் சரி என்று வண்டியைக் கிளப்பினார். தம்பி இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் பாத்திரத்தில் மிச்சமிருந்ததை வழித்து அவன் தட்டில் போட்டாள்.