மேல்பாயை இறக்கிய நாள்

இப்போதெல்லாம் தொப்பி தைக்கிறவன்கூட வேலையை நிறுத்திவிட்டு ‘ஸ்ட்ரைக்’ என்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் நேற்று வாப்பிங் துறைமுகச் சாராயக்கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தா, அது சட்டப் புத்தகத்தில் பிறந்த சொல் என்றான் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி! அது கப்பல்காரன் சொல். பாயைக் கீழே இறக்கினால் அதற்குப் பெயர் ஸ்ட்ரைக். சண்டையில் தோற்றவன் இறக்குவான், பெரியவனுக்கு மரியாதை காட்டுகிறவனும் இறக்குவான். “அதுக்கும் வேலைய நிறுத்துறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று இளித்தான். உட்கார்த்தி வைத்துச் சொன்னேன்.

ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு, மே மாதம். ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது, எங்கள் சம்பளம் மட்டும் அசையவில்லை. தேம்ஸ் நதி மாலுமிகள் படகு படகாகக் கிளம்பி, கப்பல் கப்பலாக ஏறி, மேல்பாய்களை இறக்கினார்கள். சம்பளம் உயரும்வரை எதுவும் நகரக்கூடாது. ஒரு கப்பல் நழுவினாலும் போதும், முதலாளிகள் மற்றதையும் கிளப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு கப்பல் எங்களுடையதாகிவிடுமோ என்று பயந்தேன். காலையிலேயே பாயை இறக்கியிருந்தோம். மதியம், கப்பல் கிளம்பத் தோதாகத் தண்ணீர் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கியபோது கேப்டன் ஹாப்டே வந்து குதித்தார்.

“எந்த நாய்டா எறக்குனது? பிரெஞ்சுக்காரன் பீரங்கிக்கே நான் பாய எறக்கல. தூக்குங்கடா!”

எல்லார் கண்ணும் எஸ்ரா மேல் போனது. என் மனைவியின் அண்ணன், பாய்க்கயிறுகள் எல்லாம் அவன் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக ஹாப்டே கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவன் கை வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள்.

“மச்சான், தொடாத,” என்றேன்.

“சும்மா இரு மாப்ள. எனக்கு வீட்ல அஞ்சு வாயி.”

“எங்க வீட்ல மட்டும் வாயத் தச்சா வச்சிருக்கோம்?”

அதற்குள் ஹாப்டே தானே கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஆறு பேர் இழுக்கிற பாய் அது. ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது. அவர் முகம் வெந்த நண்டாகச் சிவந்தது.

“எஸ்ரா! வேடிக்கையாடா பாக்குற? வந்து இழு! நீ இல்லன்னா உன்ன மாதிரி ஆயிரம் பேரு கெடக்கான். ரொட்டித் துண்டக் காட்டுனா ஓடி வருவான்!”

எஸ்ரா நடந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கேப்டன் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். வாங்கி, விட்டுவிட்டான். பாய் தடதடவென்று இறங்கியது.

பிறகு அவர் முழங்கையைப் பிடித்துக் கப்பலின் ஓரத்துக்கு அழைத்துப் போனான். கீழே தண்ணீரே தெரியாத அளவுக்குப் படகுகள். அத்தனையிலும் மாலுமிகள் எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீங்க சொன்ன ஆயிரம் பேரு இவங்கதான்யா,” என்றான் எஸ்ரா. “கூப்புடுங்க. எவன் வர்றான்னு நானும் பாக்குறேன்.”

ஹாப்டே கூப்பிடவில்லை.