பின் இடது சக்கரம்

பிக்கப் வண்டியின் நாலு டயரும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே ரோட்டில் ஓடுகின்றன, ஒரே பாரத்தைச் சுமக்கின்றன. அப்படியிருக்க, மூன்று டயர்கள் நிறுத்தியது நிறுத்தியபடி விறைப்பாக நிற்க, பின்பக்கம் இடது டயர் மட்டும் வாரத்தில் நாலைந்து நாள் விடியும்போது தொய்ந்து கிடந்தால் அதை ஓட்டுகிற அவள் என்னதான் நினைப்பாள்? முதலில் ஆணி என்று நினைத்தாள். பிறகு வால்வு என்று நினைத்தாள். அதற்கும் பிறகு மாடியில் குடியிருப்பவரை நினைத்தாள். அவருடைய ஸ்கூட்டரை நகர்த்தினால்தான் இவள் வண்டி வெளியே வரும். தினமும் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வருகிற எரிச்சலில் மனுஷர் ஏதாவது செய்கிறாரோ என்று ஒரு வாரம் அவரை முறைத்துக்கொண்டே இருந்தாள். பாவம், நாம் என்ன தப்பு செய்துவிட்டோம் என்று அவரும் அந்த ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்.

பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். அதுவும் சாதுவாக இருந்தது. மூன்றாவது முறை அவள் போய் நின்றபோது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“அக்கா, காத்து கருப்புன்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க கருப்பு நல்லாத்தான் இருக்கு. காத்துதான் நிக்க மாட்டேங்குது.”

“உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எனக்குப் பொழப்பு போயிடும் போல இருக்கு.”

அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை. மணல் மேடுகளுக்கு அந்தப் பக்கம் காற்றாலை நடுகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் டிரம்கள் போவது இந்த வண்டியில்தான். பாதி தூரம் தார் ரோடு, மீதி தூரம் வெறும் மணல். சாதாரண வண்டி அந்த மணலுக்குள் போனால் பத்தடியில் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும், அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற இந்த வண்டிக்கு அங்கே மரியாதை. அந்த ஓட்டம்தான் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறது. போன மாதம் சூப்பர்வைசர் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிவிட்டார்.

“ஏம்மா, ஆளுங்க காலிக் குடத்தப் பாத்துகிட்டு நிக்கிறாங்க. டயர் கதையெல்லாம் எனக்கு வேணாம். இனிமேலும் லேட்டாச்சுன்னா நான் வேற வண்டிக்குச் சொல்லிடுவேன், அப்புறம் வருத்தப்படாதீங்க.”

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. அந்த ஓட்டமே முதலில் அவள் வீட்டுக்காரருடையதுதான். டிரம் இறக்கும்போது கால் தவறி விழுந்தார். இடது முழங்காலில் தகடு வைத்துத் தைத்த டாக்டர், கிளட்ச் மிதிக்கிற எண்ணத்தையே விட்டுவிடச் சொன்னார். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் வாங்கினாள், சாவியை எடுத்தாள். அவரிடமிருந்து அவள் எதையும் பிடுங்கவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து மனுஷர் வாயைத் திறப்பதே அரிதாகிவிட்டது. சாப்பாடு எப்படி என்றால் “ம்.” கால் வலிக்கிறதா என்றால் அதற்கும் “ம்.” ஏற்கெனவே நொந்து கிடக்கிறவரிடம் சூப்பர்வைசர் பேச்சையும் கொண்டுபோய்க் கொட்டுவானேன் என்று இருந்துவிட்டாள்.

இதில் அவளுக்கே சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. டயர் இறங்குகிற காலைகள் அவளுக்குப் பிடித்திருந்தன. பேட்டரியில் மாட்டும் சின்னக் காற்று மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வருவார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, வால்வில் குழாயைச் சொருகுவார். மெஷின் கடகடவென்று கத்த ஆரம்பித்ததும் அவருக்கும் பேச்சு வந்துவிடும். சத்தத்துக்கு மேல் கத்தித்தானே பேச வேண்டும்?

“தார் ரோட்ல ஃபோர் வீல் போட்டு வளைக்காத. முன்னால ஒரு பக்கம் இழுக்கும், பின்னால ஒரு பக்கம் இழுக்கும், வண்டி முரண்டு பிடிக்கும். மணல் தொட்ட பெறகு லீவரப் போடு.”

“தெரியும்.”

“மணல்ல காத்து எவ்ளோ வைக்கிற?”

“பதினெட்டு.”

“பாரம் ஜாஸ்தியா இருந்தா இருபது வை. டயர் பூனை மாதிரி பாதத்தப் பரப்பி நடக்கணும், அவ்ளோதான். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் ஏத்திடு, சோம்பேறித்தனம் படாத. சக்கரம் தோண்ட ஆரம்பிச்சா மிதிக்காத. மிதிச்சா உன் குழிய நீயே தோண்டிக்குவ. வந்த தடத்துலயே பின்னால எடு.”

எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். தினமும் மணல் விளிம்பில் வண்டியை நிறுத்தி நாலு டயரிலும் காற்றை இறக்குகிறவளும் அவள்தான், திரும்பும்போது அதே இடத்தில் உட்கார்ந்து நாலிலும் ஏற்றுகிறவளும் அவள்தான். இருந்தும் டீ டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கேட்கிறவள் போலக் கேட்டுக்கொண்டு நிற்பாள். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை. பேச்சு நீண்டு நேரமாகிவிடும். சில நாள் மணியைப் பார்த்துப் பதறி, பாதி ஏறிய டயரோடு கிளம்பிவிடுவாள். “இன்னும் ஏறல, நில்லு” என்று அவர் நொண்டிக்கொண்டே தெருமுனை வரை பின்னால் வருவது கண்ணாடியில் தெரியும்.

அந்த அவசரத்தின் பலனை டயரில் கண்டுபிடித்தவர் பஞ்சர் கடைக்காரர். இரண்டு ஓரமும் தேய்ந்திருக்க, நடுப்பகுதி மட்டும் புதிதாக இருந்தது. காற்று கம்மியாக ஓடுகிற டயர் அப்படித்தான் தேயுமாம்.

“இதத் தூக்கி முன்னாடி வலது பக்கம் போட்டுடறேன். அங்க இருக்கறது இங்க வரட்டும். தேய்மானமும் சமமாகும், ஓட்டை இருந்தா அதுவும் கூடவே போயிடும். கண்டுபிடிச்சுடலாம்.”

நல்ல யோசனைதான். மாற்றிப் போட்ட இரண்டாம் நாள் காலையில் அவள் வெளியே வந்து முன்பக்கம் வலது டயரைப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. பின்னால் போனாள். பின்பக்கம் இடது டயர், இத்தனை நாள் முன்னால் இருந்து ஒரு குறையும் சொல்லாத டயர், தொய்ந்து கிடந்தது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டயர் மாறிவிட்டது, வியாதி மாறவில்லை. அப்படியானால் வியாதி டயருக்கா, அந்த இடத்துக்கா? தரையில் ஏதாவது குத்துகிறதா என்று குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். வண்டி நிற்கிற இடத்தைப் பெருக்கினாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பஞ்சர் கடைக்காரருக்கோ இந்த முறை சிரிப்பு வரவில்லை.

“இத ஒட்டறதுக்கு எங்கிட்ட பசை இல்லக்கா” என்றார்.

அந்தச் சமயத்தில் நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, அண்ணனுக்குக் காலுக்குப் படம் எடுக்கணும்னு சொன்னீங்களே, இங்க நல்ல டாக்டர் வந்திருக்கார். நாலு நாள் அனுப்பி வைங்க.” அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவளே வெளியே வந்தாள். டயர் திண்ணென்று இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அளந்து பார்த்தாள், வைத்த காற்று வைத்தபடி இருந்தது. மூன்று நாளும் சூப்பர்வைசர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் போய்ச் சேர்ந்தது. தரையைக் கழுவியதுதான் வேலை செய்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். சந்தோஷம் தாங்காமல் அவருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, டயர் சரியாயிடுச்சு. மூணு நாளா காத்து எறங்கவே இல்ல.”



“அப்படியா” என்றார்.

நல்ல செய்தி கேட்டவர் குரல் இல்லை அது. இழவு வீட்டிலிருந்து வந்த செய்திக்குப் பதில் சொல்கிற குரல். போனை வைத்துவிட்டு அவள் அடுப்படியில் நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். கதவைத் திறந்தால் இரண்டே எட்டில் கை எட்டுகிற தூரத்தில் வண்டியின் பின்பக்கம் இடது சக்கரம். வண்டியின் மற்ற பக்கங்களுக்குப் போக வேண்டுமென்றால் படி இறங்கி, சுற்றி, கால் வலிக்க நடக்க வேண்டும்.

ஓ என்று வாய் பிளந்து நின்றாள்.

ஒரு நாள் முழுக்க அவள் கோபமாக இருந்தாள். பாரத்தோடு, வெயிலில், காற்று குறைந்த டயர் சூடேறி வெடித்தால் வண்டி எங்கே போகும் என்று அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இப்படியா விளையாடுவார் ஒரு மனுஷர்? இந்த இடத்தில் நொண்டிக்கொண்டே தெருமுனை வரை வந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார். இறக்கினவர் ஏற்றி முடிக்காமல் அவளை அனுப்ப நினைத்ததில்லை. நிற்காமல் போனது அவள். மணலில் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிறதா, பாவப்பட்டு வருகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. லீவரைப் போட மறந்திருந்தாள். வண்டி மணலில் உறுமி நின்ற பிறகுதான் அதுவும் உறைத்தது.

அவர் வந்து சேர்ந்த அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடுக்கியது சரிந்துவிட்டது. சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் சொன்னாள்.

“இனிமே லேட்டானா வேற வண்டி வச்சுக்குவாங்களாம்.”

அவர் கை தட்டிலேயே நின்றது. “எப்ப சொன்னார்?”

“போன மாசம்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லயே நீ.”

நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களாக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

அன்றிலிருந்து டயர் இறங்கவில்லை. நாலும் நாலு தூண் மாதிரி நின்றன. தண்ணீர் நேரத்துக்குப் போனது, சூப்பர்வைசர் ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தார். வீட்டில்தான் காற்று போய்விட்டது. அவள் கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். “போயிட்டு வரேன்” என்றால் “ம்.” மெஷின் வண்டியின் சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. மணல் விளிம்பில் அவள் தனியாக உட்கார்ந்து காற்று ஏற்றும்போது அது கடகடவென்று கத்தும், பேசத்தான் ஆள் இல்லை. ஜெயித்தது யார் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. ஓட்டம் நிலைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக எழுந்தாள். டிரம்களை ஏற்றிக் கட்டினாள், டீ போட்டாள். பின்கதவைத் திறந்து சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வால்வின் ஊசியைச் சாவி நுனியால் அமுக்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. டயர் வழிக்கு வந்ததும் எழுந்து உள்ளே குரல் கொடுத்தாள்.

“என்னங்க, மறுபடியும் எறங்கிடுச்சு. கொஞ்சம் வந்து பாருங்க.”

உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் கதவு வரை வந்தார். டயரைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், மறுபடியும் டயரைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திகைப்பு.

“எப்படி?” என்றார். “நான் எறக்கவே இல்லயே.”

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவளைப் பார்க்கவில்லை.

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். மெஷினின் குழாயை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“தெரியும். இன்னிக்கு நான்தான் எறக்கினேன்” என்றாள். “சீக்கிரமே எழுந்துட்டேன், நேரம் இருக்கு. மெதுவாவே ஏத்துங்க.”