ஓலையில் ஒரு சொல்

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயரைச் சபையில் அறிவித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். சேலையூர் ஆலயத்தில் அன்று சுகிர்தாவுக்கு முதல் ஓலை.

"காலஞ்சென்ற தங்கையா அவர்களின் மகளும், காலஞ்சென்ற ரூபன் அவர்களின் விதவையுமான சுகிர்தாவுக்கும்..."

சபைப் போதகரான ஐயர், அடுத்து மணமகன் ஆல்வினின் பெயருக்குப் போய்விட்டார். சுகிர்தாவுக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை. தன் பெயருக்கு முன்னால் இறந்தவர்களாகவே வரிசையில் நிற்பதுபோல் இருந்தது.

"மாமியாரும் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க பாரு, பாவம்" என்று பின்னால் யாரோ சொன்னது மட்டும் தெளிவாக விழுந்தது.

ரூபனின் அம்மா ஜெயசீலி பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கொரோனாவில் ரூபன் போன பிறகு முடிச்சூர் வீட்டில் இந்த இரண்டு பெண்கள்தான். ஜெயசீலிக்கு வார்த்தை குறைவு. சுகிர்தா கிளம்பும்போது டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும். "வச்சிருக்கேன்" என்பதோடு சரி. வெளியாட்களிடம் பேசும்போது சுகிர்தா இன்றும் "ரூபன் பொண்டாட்டி"தான். கேளம்பாக்கம் ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஆல்வினைப் பற்றிச் சொன்ன அன்றும், "உன் இஷ்டம்" என்றாள் ஜெயசீலி. அது சம்மதமா, வருத்தமா என்று சுகிர்தாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று மத்தியானம் மாடியில் துணி எடுக்கப் போன சுகிர்தா, ஆல்வினுக்கு போன் செய்தாள்.

"வேணாம் ஆல்வின். ஐயர்கிட்ட சொல்லி நிறுத்திடலாம்."

"'விதவை'ங்கிற ஒரு வார்த்தைக்காகவா?"

"அந்த வார்த்தையில இருக்கிறது அவங்க பையன் பேரு. இன்னும் ரெண்டு வாரம் அவங்களை அங்க உக்கார வச்சுக் கேக்க வைக்க என்னால முடியாது."

"அவங்ககிட்டயே கேளேன்."

"கேட்டா 'உன் இஷ்டம்'பாங்க."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறு. அப்புறம் உன் இஷ்டம்." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஐயோ, நானும் அதையே சொல்றேன் பாரு!"

சுகிர்தாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. திரும்பினால், படிக்கட்டில் ஜெயசீலி. எதுவும் கேட்காதவள்போல் வந்து, கொடியிலிருந்து கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

புதன்கிழமை சுகிர்தா வேலையிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சற்று நேரத்தில் ஜெயசீலி ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"எங்க போனீங்க அத்தை?"

"ஐயரைப் பாக்க."

"எதுக்கு?"

"ஒரு விஷயம்."

தடை சொல்லத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்தாள் சுகிர்தா. கோபம் வரவில்லை. பெற்ற வயிறு, சொல்லட்டும் என்றுதான் தோன்றியது. ஆல்வினிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு. ஐயர் தாளைப் பிரித்தார்.

"முடிச்சூர் ஜெயசீலி அம்மா அவர்களின் மகள் சுகிர்தாவுக்கும்..."

சபையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"...இவர்கள் திருமணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்."

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. சுகிர்தா பக்கத்தில் திரும்பினாள்.

"அடுத்த பாட்டு எத்தனாம் நம்பர்?" என்றாள் ஜெயசீலி. கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாடகர் குழு ரோஸ்லின் ஜெயசீலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, ஐயர் மாத்தி வாசிச்சுட்டாரா? மருமகளைப் போய் மகள்ங்கிறாரு?"

"சரியாத்தான் வாசிச்சார். ரெஜிஸ்டர்ல என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க ஐயரே, சபையில என் பொண்ணுன்னு வாசிங்கன்னு நான்தான் சொன்னேன். ஏன், உனக்கு ஏதும் தடையா? இருந்தா உள்ளேயே சொல்லியிருக்கணும்டி."

"எனக்கென்னக்கா தடை? பிரியாணி என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஆல்வின் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். ஜெயசீலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டியை நிழல்ல நிறுத்தக் கூடாதா தம்பி? சீட்டு கொதிக்கும். என் பொண்ணு எப்படி உக்காருவா?"

அவன் வண்டியை நகர்த்த ஓடினான். பின்னாலேயே போன சுகிர்தாவிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஐயர்கிட்ட பேசணும்னியே?"

"பேசணும்" என்றாள் சுகிர்தா. "அடுத்த வாரமும் இதே மாதிரி வாசிக்கச் சொல்லணும்."