பன்னிரண்டில் ஒன்று குறைந்தது

எட்டு வருஷமாக அந்த வீட்டில் பண்டிகைக் கோழி ஷிதாயேயின் கைக்குத்தான் வந்தது. எலுமிச்சை பிழிந்து ஏழு தண்ணீரில் அலசி, எலும்பு சிதறாமல் பன்னிரண்டு துண்டு போட்டால் எத்தியோப்பியாவின் அந்தத் தெப்ரே மார்க்கோஸ் ஊரில் எந்த மாமியாரும் வாய் திறக்க முடியாது. அந்தப் பெருமை ஒன்றுதான் அவளுக்கு அந்த வீட்டில் சொத்து. இந்த வருஷம் கறி தொடாத மாதா நோன்பு முடிகிற விருந்துக்கு அதுவும் கைமாறிப்போனது.

"இந்த வாட்டி சின்னவ பண்ணட்டும். நீ கொஞ்சம் கால நீட்டி உக்காரு" என்றாள் மாமியார் எதகெனு.

காலை நீட்டவா அவள் கேட்டாள்? கொழுந்தன் கஸாஹுனுக்கு வாழ்க்கைப்பட்டு மஸ்தேவால் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் காபி வறுத்தால் மஸ்தேவால், ரொட்டி சுட்டால் மஸ்தேவால். ஷிதாயேக்கு வயிறு எரிந்தது. வெங்காயம் வதங்கும் வாசனையிலேயே தெரிந்தது, குழம்பு நன்றாக வரப்போகிறது என்று. அதுதான் பொறுக்கவில்லை.

நோன்பின் கடைசிப் பூசைக்கு, அடுப்படியில் இருந்த மஸ்தேவாலைத் தவிர எல்லோரும் கோயிலில் நின்றபோது, தலைவலி என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் மழையில் திரும்பினாள். குழம்பு இறக்கியாகிவிட்டது. மஸ்தேவால் குளிக்கப் போயிருந்தாள். ஷிதாயே மூடியைத் திறந்து ஒரு இறக்கைத் துண்டை எடுத்துக் கொல்லைப்புற நாய்க்குப் போட்டாள். நாய் எலும்பைக்கூட விடவில்லை. ஒரு கோழியைப் பன்னிரண்டாகப் போடத் தெரியாதவள் என்று ஊர் சிரிக்கட்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியதும் பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி முடித்தார். மாமியார் கரண்டியால் ஒவ்வொரு துண்டாகத் தட்டில் விரித்த இஞ்சரா ரொட்டியின் மேல் எடுத்து வைத்தாள். பதினொன்றோடு கரண்டி சட்டியின் அடியைத் தட்டியது.

"சின்னப் பொண்ணு, வெட்டும்போது தவறியிருக்கும் அத்தை" என்றாள் ஷிதாயே, தேன் ஒழுக.

"தவறலடி. காலையில நான்தான் எண்ணிச் சட்டியில போட்டேன். பன்னெண்டு இருந்துச்சு." மாமியாரின் முகம் மாறியது. "ஏண்டி மஸ்தேவால், நோன்பு முடியறதுக்குள்ள வாயில போட்டுட்டியா?"

ஷிதாயே நினைத்தது இது இல்லை. வெட்டத் தெரியாதவள் என்பது வேறு. மாதா நோன்பில் திருட்டுத்தனமாகக் கறி தின்றவள் என்பது வேறு. அப்படிப்பட்டவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"மாதா சத்தியமா இல்ல அத்தை" என்று மஸ்தேவால் அழுதாள். பாதிரியார் சாப்பாட்டைத் தொடாமலே கையைத் துடைத்துக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று ஷிதாயே வாயெடுத்தாள். தண்ணீர்க் குவளையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கஸாஹுன் எழுந்தான். "அவள ஏம்மா மிரட்டுற? நான்தான் தின்னேன். பூசை நடுவுல வந்து எடுத்துட்டுப் போனேன். பசி தாங்கல."

"தடிமாடு! பதினஞ்சு நாள் இருந்தவனுக்கு ஒரு நாழி இருக்க முடியலையா?" மாமியார் கரண்டியாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள். பாதிரியார் நாற்பது நாள் தினமும் நூறு முறை மண்டியிடச் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தைச் சுருட்டி மனைவிக்கு ஊட்டினான். அவள் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.

"இனிமே கோழி உன் பொறுப்புதாண்டி. புருஷன் கேட்டா நோன்புல கூட சட்டியத் திறந்து குடுத்துடுவா இவ" என்றாள் மாமியார் ஷிதாயேயைப் பார்த்து. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஷிதாயேயின் கண் அந்தக் கவளத்தை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் அவள் கணவன் மெலாகு குனிந்து சிரித்தான். "பொய் சொல்றான் பய. பூசை முடியற வரைக்கும் எம்பக்கத்துலதான் நின்னான்."

"எனக்கு இப்படி ஒண்ணு வந்தா, நீங்க எந்திரிச்சு சொல்வீங்களா?"

மெலாகு எலும்பைச் சப்பிக்கொண்டே அவளை வியப்பாகப் பார்த்தான். "உனக்கு எதுக்குடி? உன்ன எவன் சந்தேகப்படுவான்?"