ஐவியின் சலவைப் பலகை

வலது கை ஆள்காட்டி விரலில் இருந்த விரலுறை மட்டும் வர மறுத்தது. மற்றவற்றைப் பெரில் கழற்றிப் போர்வை மேல் வைத்துவிட்டாள். ஊசி குத்தாமல் இருக்கத் தையல்காரர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்தச் சின்ன உலோகத் தொப்பிகள்தான். அப்பாவின் விரல் குளிர்ந்து, மூட்டில் தடித்துப் போயிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஈமக்காரியம் செய்யும் கடையிலிருந்து வந்திருந்த லவல் தன் கறுப்புத் தொப்பியை மார்போடு பிடித்தபடி நின்றார்.

"சோப்புத் தண்ணி தொட்டுப் பாருங்க மேடம்," என்றார்.

"இதோடயே போகட்டுமே. ராத்திரியெல்லாம் கட்டில் கம்பியில தட்டிக்கிட்டே இருந்தாரு. மாட்டிவிடு மாட்டிவிடுன்னு ஒரே நச்சரிப்பு."

"உலோகம் எதையும் பெட்டிக்குள்ள வைக்கத் தகன மண்டபத்துல விடமாட்டாங்க மேடம்."

பெரில் சுவரில் சாய்ந்திருந்த சலவைப் பலகையைப் பார்த்தாள். மரச்சட்டம், நடுவே வரிவரியாக மடிந்த துத்தநாகத் தகடு.

"அதுவும்தான்," என்றார் லவல், அவள் கேட்காமலேயே.

அவள் கீழே போய்ச் சமையலறை சோப்பை நனைத்துக்கொண்டு வந்தாள். விரலுறை வழுக்கிக்கொண்டு வந்தது. அப்பாவின் இரவுச் சட்டைக் காலரில் முட்டை மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்று மாலை அவள் ஊட்டிய அரைவேக்காட்டு முட்டை. அந்தக் கறையோடு அவரை இன்னொரு மனிதர் பார்க்கிறாரே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. செத்த பிறகு வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்றும் தோன்றியது.

அப்பா வில்ஃப் கிராடக்கை இன்று லண்டனின் இந்த வுல்விச்சில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் தெரியாதவர் கிடையாது. போர் முடிந்து, எல்லாம் ரேஷனாகிப்போன நாட்டில், பாட்டும் ஏறக்குறைய ரேஷனில்தான் கிடைத்தது. பாட வேண்டுமென்றால் கோட்டு வேண்டும், வாத்தியம் வேண்டும், வாத்தியார் வேண்டும். வில்ஃப் ஒரு சலவைப் பலகையைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோஹோவில் ஒரு காபிக்கடையின் நிலவறைக்குள் இறங்கினார். பக்கத்தில் ஒருவர் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கட்டையை நட்டு, ஒற்றைக் கயிற்றை இழுத்துக் கட்டி 'டும் டும்' என்றார். இன்னொருவரிடம் மலிவான கிட்டார். அமெரிக்கக் கைதிகள் பாடிய பழைய கரி ரயில் பாட்டு ஒன்று. இவ்வளவுதான் ஸ்கிஃபில். அடுத்த வருஷம் நாடு முழுக்கத் தேயிலைப் பெட்டிகள் வீட்டுக் கொல்லையிலிருந்து காணாமல் போயின.

சலவைப் பலகை ஐவியுடையது, அதாவது பெரிலின் அம்மாவுடையது. திங்கட்கிழமை துவைக்கும் நாள். ஒரு திங்கட்கிழமை பலகையைத் தேடியிருக்கிறாள், அது சோஹோவுக்குப் போய்விட்டது. விரலுறைகளும் அவளுடைய தையல் பெட்டியிலிருந்து போனவைதான். "பாட்டு முடிஞ்சதும் கொண்டுவந்து தர்றேன்," என்று அவர் சொன்னாராம். பாட்டு முடியவே இல்லை. ஐவி தொட்டியின் விளிம்பிலேயே துணியைத் தேய்த்து விரல் மூட்டெல்லாம் புண்ணாகி, கடைசியில் தன் பாட்டின் இசைத்தட்டு விற்ற காசில் அவர் ஒரு சலவை இயந்திரத்தை வாங்கி வந்து நிறுத்தினார். தெருவில் முதல் இயந்திரம் அதுதான். ஐவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என் பலகை எங்க?" என்றுதான் கேட்டாள்.

பிறகு மின்சார கிட்டார் வந்தது, ஸ்கிஃபில் போயிற்று. வில்ஃப் கேபிள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். சாயங்காலம் மட்டும் சமையலறையில் உட்கார்ந்து பலகையைத் தட்டுவார். கரி ரயில் பாட்டில் ஓரிடத்தில் ரயில் நின்று கிளம்பும். அங்கே கையை எடுத்துவிடுவார். அந்தக் காலத்தில் கூட்டம் முழுவதும் அந்த இடத்தில் இரண்டு முறை தரையை உதைக்கும். சமையலறையில் உதைக்க யார்? பக்கத்து வீட்டு மிஸஸ் டன்னட்தான் சத்தம் பொறுக்காமல் துடைப்பக் கட்டையால் சுவரை இடிப்பாள். பாட்டு நிற்கும்போதுதான் தன் இடி அவருக்குக் கேட்கும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. "கேட்டியா," என்று வில்ஃப் சிரிப்பார். "என் குழுவுல எவனுக்கும் இந்தத் தாளம் வரல."

போன வாரம், மூச்சு வாங்க வாங்க, அவர் பெரிலிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெக்கார்டு போட்டுடாத. நான் அங்க பெட்டிக்குள்ள படுத்திருக்கேன், நானே பாடவும் செய்யணுமா? யாராவது வாசிக்கட்டும்."

"யாருப்பா வாசிப்பாங்க?"

"யாராவது. நல்லா வாசிக்கணும்னு நான் யாருகிட்டயும் கேட்டதே இல்லையே. கிட்டார்ல மூணு இடத்துல விரல் வைக்கத் தெரிஞ்சவன் போதும்னுதானே சொன்னேன். எத்தனை பசங்க என்னைப் பார்த்து வாசிக்க வந்தாங்க. வருவாங்க. நீ சொல்லி மட்டும் அனுப்பு."

"சரிப்பா."

"சத்தியமா?"

"சரின்னுதானே சொல்றேன்."

அந்தச் 'சரி'தான் இப்போது அவள் தலையில் உட்கார்ந்திருந்தது. லவலும் அவர் ஆளும் அப்பாவைக் கொண்டுபோனதும் அவள் தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்தாள். தேயிலைப் பெட்டிக்காரர் செத்துப் பல வருஷம். கிட்டார்காரர் ஹேஸ்டிங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். "யாரு வில்ஃப்?" என்று கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மீன் உண்டா என்று அவளிடமே விசாரித்தார். மீதி இருந்தது டெனிஸ் வேல். இன்று விளையாட்டு மைதானங்களில் பாடுகிற ஆள். பதினாலு வயதில் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து, ஐவி இறைச்சிக் கொழுப்பு தடவிக் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, விரலில் கொப்புளம் வரும்வரை தாளம் கற்றவர். தொலைக்காட்சியில் பேட்டி எடுத்தால் எல்லாம் வில்ஃபிடமிருந்துதான் ஆரம்பம் என்பார். உண்மையில் நன்றியுள்ள மனிதர்தான், கேமரா இருந்தால். கரி ரயில் பாட்டை அவரும் பாடி வெளியிட்டு, வில்ஃப் விற்றதைப் போலப் பல மடங்கு விற்றார்.

அவருடைய அலுவலகத்துப் பெண்ணின் குரல் வெண்ணெய் போல இருந்தது. "சார் ரொம்ப உடைஞ்சு போயிட்டாருங்க. கண்டிப்பா பூ அனுப்புவார்."

"பூ வேணாம். வந்து ஒரே ஒரு பாட்டு. அஞ்சு நிமிஷம்."

"கண்டிப்பா சொல்றேங்க," என்றாள் அந்தப் பெண். சொல்ல மாட்டாள் என்று பெரிலுக்குப் புரிந்தது.

அன்று மாலைச் செய்தியில் அப்பா கொஞ்ச நேரம் வந்தார். அவர் முகத்தைவிட டெனிஸ் வேலின் முகத்தைத்தான் கூடுதலாகக் காட்டினார்கள்.

இறுதிச் சடங்கன்று தூறல். பெரில் சலவைப் பலகையைச் சந்தைப் பையில் போட்டு, விரலுறைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கூட்டம் வந்துவிட்டால் யாருக்காவது தேவைப்படுமே. தகன மண்டப வாசலில் டெனிஸ் வேலின் பூவளையம் நின்றிருந்தது, ஆள் உயரக் கிட்டார் வடிவத்தில், வெள்ளைச் சாமந்தியில். அப்பா வாழ்க்கையில் கிட்டாரைத் தொட்டதில்லை. பெரிலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கேபிள் தொழிற்சாலை நண்பர் ஒருவர், அம்மா வழி உறவில் ஒரு தம்பதி, பழைய ரசிகர் சங்கத்துச் சின்னத்தைச் சட்டையில் குத்திய இரண்டு கிழவர்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பியோடு மிஸஸ் டன்னட், கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு. இவள் எதற்கு வந்தாள் என்று பெரில் நினைத்தாள். சத்தம் நின்றதை உறுதிசெய்துகொள்ள வந்திருப்பாள்.

அப்பாவை ஒருநாளும் பார்த்திராத பாதிரியார், "வில்ஃப்ரெட் பலரது வாழ்வைத் தொட்டவர்," என்றார். பிறகு பெரிலைப் பார்த்தார். "இசை உண்டென்று சொன்னீர்களே?"

பெரில் திரும்பி ரசிகர்களைப் பார்த்தாள். "உங்கள்ல யாராவது? பலகை இருக்கு. இங்கயே இருக்கு."

ஒருவர் தன் காலணியைப் பார்த்தார். மற்றவர், "எங்களுக்குக் கேக்கத்தாம்மா தெரியும்," என்றார். பொய்யில்லை.

பை அவள் காலடியில் இருந்தது. குனிந்து எடுத்தால் போதும். நாட்டிலுள்ள பையன்களையெல்லாம் வா வாவென்று கூப்பிட்ட மனிதர், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மகளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. கோட்டுப் பைக்குள் விரலுறை ஒன்றில் அவள் விரல் நுழைந்தது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உடம்பு பெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வெளியே அடுத்த குடும்பத்தின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

பெரில் இல்லையென்று தலையை ஆட்டினாள். ஓரத்தில் நின்ற மண்டபத்து ஊழியர், எல்லாச் சடங்குகளுக்கும் செய்வது போலவே ஒரு பொத்தானை அழுத்தினார்.

முழு வாத்தியக் கோஷ்டியோடு கரி ரயில் பாட்டு கிளம்பியது. டிரம்ஸ், மின்சார கிட்டார், பின்னால் பெண்கள் குழு. மேலே டெனிஸ் வேலின் மெருகான குரல். மண்டபத்துப் படிவத்தில் கரி ரயில் பாட்டு என்று மட்டும் பெரில் எழுதிக் கொடுத்திருந்தாள். அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பது அதைத்தான், அந்த ஊழியரைக் குற்றம் சொல்லி என்ன பயன். ரசிகர்களில் ஒருவர் காலால் தாளம் போட்டார். பாட்டு நடுவில் எங்கும் நிற்காமல் ஓடியது. அப்பாவின் பெட்டி முன்னே திரை மெல்ல மூடிக்கொண்டது. ரெக்கார்டு வேண்டாம் என்றார். ரெக்கார்டுதான் கிடைத்தது, அதுவும் இன்னொருவனுடையது. பெரில் பையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே எல்லோரும் அவள் கையைக் குலுக்கினார்கள். நல்ல பாட்டு, பொருத்தமான பாட்டு என்றார்கள். மிஸஸ் டன்னட் கடைசியாக வந்தாள்.

"அது உங்கப்பா இல்ல," என்றாள்.

பெரில் அவளைப் பார்த்தாள்.

"உள்ள போட்டாங்களே. அது அந்த மனுஷன் இல்லவே இல்ல. உங்கப்பா ரெண்டாவது அடியில எப்பவும் ஒரு இழை முந்திடுவார். அப்புறம் ரயில் நிக்கிற இடம். அதைக் காணோமே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? எனக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவரு. கல்யாணமாகி வந்த நாள்லருந்து கேக்கறேன். எம் புருஷன் சாகக் கிடந்தப்பவும் அதே பாட்டுத்தான்."

"நீங்கதான் இடிச்சுக்கிட்டே இருப்பீங்களே. நிறுத்தச் சொல்லி."

"ஆமா, சொன்னேன். நிறுத்தினாரா?" மிஸஸ் டன்னட் மழைத்தொப்பியின் முடிச்சை இறுக்கினாள். "யாராவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் யாரு சொல்றதுக்கு, பக்கத்து வீட்டுக்காரி."

"சாண்ட்விச் வெச்சிருக்கேன் வீட்டுல. வாங்களேன்."

"வேணாம் கண்ணு. கால் வலிக்குது," என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஒரே வீட்டுச் சுவரின் இரண்டு பக்கத்துக்கும் போகிற ஒரே பேருந்துதான். பெரில் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தாள்.

சாண்ட்விச்சுக்கு உறவுத் தம்பதி மட்டும் வந்து, தேநீர் குடித்து, மழை வலுக்கும் முன் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார்கள். ஈரத் துணியால் மூடிய இரண்டு தட்டு ஹாம் சாண்ட்விச் மேஜையில் மிச்சம் இருந்தது. அத்தனை பேர் வருவார்கள் என்று எதை நம்பி வெட்டினாள் என்று அவளுக்கே புரியவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக அதுவரை இருந்ததில்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூடத் தாளம் தப்புவது போலக் கேட்டது.

அன்று லவல் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அப்பாவின் இரவுச் சட்டை அழுக்குக் கூடையில் கிடந்தது. அவள் அதை எடுத்துச் சலவை இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். ஒற்றைச் சட்டைக்காக ஓட்டுவதா என்று மூடினாள். பிறகு சந்தைப் பையிலிருந்து பலகையை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, பாத்திரத் தொட்டிக்குள் சாய்த்து நிறுத்தினாள். அம்மா எப்படிப் பிடிப்பாள் என்பது கைக்கு நினைவிருந்தது. காலரை நனைத்து, சோப்புப் போட்டுத் தகட்டின் மேல் வைத்துத் தேய்த்தாள்.

தகட்டின் நடுப்பகுதி வழுக்கியது. நாற்பது வருஷம் விரலுறை ஓடி ஓடி அங்கே வரிகள் மழுங்கிப் போயிருந்தன. அழுக்கு எடுக்க அந்தப் பலகை இனி ஆகாது. அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்த பலகை. ஓரத்தில் மட்டும் வரி இருந்தது. பெரில் அங்கே வைத்து அழுத்தித் தேய்த்தாள். தொட்டி முழுக்க அதிர்ந்தது. மேலும் கீழும், மேலும் கீழும். கை சூடு பிடித்ததும் வேகம் தானாக வந்தது. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. மூக்கிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. சோப்பு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். சத்தம் நின்றது.

சுவரில், அந்தப் பக்கமிருந்து, இரண்டு முறை இடி விழுந்தது.

பெரில் குனிந்தபடியே நின்றாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

சோப்பை எடுத்தாள். வெளிச்சத்தில் காலரைப் பிடித்துப் பார்த்தாள். முட்டை மஞ்சள் போகவில்லை. கோட்டு நாற்காலியின் முதுகில் கிடந்தது. ஈரக் கையை அதன் பைக்குள் விட்டு விரலுறைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினாள். அவை அவளுக்குச் சரியாக இருந்தன. சட்டையைத் தொட்டியின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.